ஒரு வீரனுக்கு இரண்டு அட்டை

என்னை நம்பி ஒருவர் கையெழுத்திட்டுத் தந்த வெற்றுப் படிவத்தில் நான் பொய் எழுதினேன். பொய் பிடிபட்டபோது தண்டனையை அவர் ஏற்றுக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அதோடு நிற்காமல், அவர் எழுந்துபோன இடத்தில் போய் இருந்தும் கொண்டேன். எழுபத்தெட்டு வயதில் இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. என் வாழ்க்கையில் நான் அதிகம் சிரித்த வருடங்களும் அவைதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சுவிஸின் கூர் நகரத்துக் கல்லூரியொன்றின் உணவுச்சாலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மட்டக்களப்பில் கணிதம் படிப்பித்து, பின்னேரங்களில் கூடைப்பந்தாட்டம் பழக்கியவன் நான். உணவுச்சாலையின் பின்கதவைத் திறந்தால் உள்ளக விளையாட்டரங்கு. தட்டுகளை அடுக்கிவிட்டு அந்தக் கதவடியில் நின்று பார்ப்பேன். ஒருநாள் ஒரு பெடியன் எறிந்த பந்தெல்லாம் வளையத்தில் பட்டுத் தெறித்தது. பயிற்றுநர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். அவன் முழங்கை வெளியே போகிறது என்பது எனக்குத் தெரிந்தது. முழங்கைக்கு ஜெர்மன் சொல்தான் தெரியவில்லை. ஈர ஏப்ரனோடு உள்ளே போய் என் முழங்கையைத் தட்டித் தட்டிக் காட்டினேன். பயிற்றுநர் முதலில் எனக்கு அடிபட்டுவிட்டது என்று நினைத்து முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

அப்படித்தான் நாங்கள் சிநேகிதரானோம். அவர் அந்தக் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியர். மலைக்கிராமத்தில் பிறந்தவர். ஐம்பது கடந்தவர். இருபது வருடமாக அந்த அணியை நடத்தி, பள்ளத்தாக்கு முழுவதும் நேர்மையான மனிதர் என்று பெயர் எடுத்தவர். அவருடைய எழுத்து மட்டும் கோழி கிளறியது போல இருக்கும். என் எழுத்தைப் பார்த்ததும் அணியின் கடதாசி வேலை முழுவதையும் என்னிடம் தந்துவிட்டார். வீரர்களைப் பதிவுசெய்யும் படிவங்கள் பத்தில் முன்கூட்டியே கையெழுத்து வைத்து அலுமாரியில் வைத்தார். "நீ நிரப்பு, நான் பந்தைப் பார்க்கிறேன்" என்றார்.

அணியில் எங்கள் ஆள், தமிழ்ப் பெடியன் ஒருவன் இருந்தான். இருபது வயது. மின்னியல் படித்துக்கொண்டிருந்தான். பந்து அவன் கையில் இருந்தால் மற்ற நால்வருக்கும் கால் முளைக்கும். ஆனால் வாய் சும்மா இராது. ஒரு போட்டியில் மத்தியஸ்தர் தவறான தீர்ப்புச் சொன்னார் என்று அவருக்கு முன்னால் நின்று நிதானமாகக் கைதட்டினான். நாலு போட்டிக்குத் தடை.

அந்த நாலுக்குள் சூக் நகர அணியோடு ஆடும் போட்டியும் வந்தது. அதை வென்றால் குழுவில் முதலிடம்.

இங்கேதான் என் கணித மூளை வேலை செய்தது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும்தான். சுவிஸில் அகதியாகப் பதிந்த அன்று அதிகாரி அவனுடைய சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எழுதிவிட்டார். அவன் வதிவிட அட்டையில் அப்படித்தான் இருந்தது. அணியின் பதிவும் அந்த அட்டையின்படிதான். கல்லூரி அலுவலகம் தன் மாணவர் அட்டையில் அதைத் திருத்தி, தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கியது. சொந்தப் பெயர் இயந்திரத்துக்குள் அடங்கவில்லை என்று அதன் வாலை வெட்டியும் விட்டது. இரண்டும் முத்திரை குத்திய உண்மையான அட்டைகள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு மனிதர்கள்.

"மீசையை வழிச்சிட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு வா" என்றேன் அவனிடம்.

"சேர், இது பிழையில்லையோ?"

"ரெண்டும் உன்ட பேர்தானே மனே?"

"ஓம், ஆனா ஒண்டு அப்பாட பேர்."

"அப்பாட பேர் உனக்கில்லாம வேற ஆருக்கு?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். கையெழுத்திட்டிருந்த படிவம் ஒன்றை எடுத்து, கல்லூரி அட்டையைப் பார்த்து, அழகான எழுத்தில் நிரப்பினேன். மத்திய சுவிஸிலிருந்து இடம்மாறி வந்த புது மாணவன் என்று பயிற்றுநருக்கும் கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்துக்கும் சேர்த்து ஒரே பொய். பயிற்றுநர் அப்போது காய்ச்சலில் படுத்திருந்தார். இரண்டு கிழமை அணி என் பொறுப்பில் இருந்தது.

சூக் அணியை வென்றோம். அடுத்த சனிக்கிழமை பின்னேரம் எங்கள் அரங்கில் போட்டி. பெடியனின் தகப்பன் அன்றுதான் முதல்முறையாக மகன் விளையாடுவதைப் பார்க்க வந்தார். ஆஸ்பத்திரி லாண்ட்ரியில் வேலை செய்பவர். அன்று லீவு. கோட்டும் போட்டு, ஒரு பிஸ்கட் ரின் நிறைய மீன் ரோல்ஸும் கொண்டுவந்து மேல்வரிசையில் இருந்தார்.

போட்டிக்கு முன் மத்தியஸ்தர் வீரர்களை வரிசையில் நிறுத்தி அட்டைகளை வாசிப்பார். எங்கள் பெடியனின் அட்டை வந்ததும் தகப்பன் பெயரில் பாதியை வாசித்து, மூச்சு வாங்கி, மீதியைக் கேள்வி மாதிரி இழுத்தார்.

"ஹியர்!" என்று வரவு சொன்னான் பெடியன்.

"யா! ஹியர்!" என்று மேலேயும் ஒரு குரல்.

தகப்பன் எழுந்து நேராக நின்றார். வலது கை கோட்டின் உள்பைக்குள் போயிருந்தது. எத்தனை வருடம் எத்தனை கந்தோர் வாசலில் அந்தப் பெயர் கூப்பிடுவதற்காக அவர் காத்திருந்திருக்கிறார்! கடதாசி பிடித்த ஒருவர் அந்தப் பெயரைப் பிழையாகச் சொன்னால் அவர் கால் தானாக எழும்பும். படியிறங்கி வந்து தன் வதிவிட அட்டையை மத்தியஸ்தரிடம் நீட்டினார்.

"நீங்களும் விளையாடுகிறீர்களா?" என்று மத்தியஸ்தர் கேட்டார்.

"இல்லை இல்லை. லாண்ட்ரி."

அரங்கே சிரித்தது. மத்தியஸ்தரும் சிரித்தார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் தகப்பனுக்குத் தன்னிடம் ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக் கதைத்த சந்தோசம். எங்கள் ஆட்களின் பெயர்முறையை விளக்கத் தொடங்கிவிட்டார். "இது என் பெயர். மகனின் பெயர் இது" என்று மகனுடைய முழுப் பெயரையும், வால் வெட்டாமல், எழுத்தெழுத்தாக, ஆனா ஆவன்னா படிப்பிப்பது போலச் சொன்னார். இரண்டு தரம் சொன்னார்.

எதிரணிப் பயிற்றுநர் சிரிக்கவில்லை. சம்மேளனத்தின் தடைப் பட்டியலை எடுத்து விரலை வைத்துத் தேடினார். அந்தப் பெயர் அங்கே இருந்தது.

ஒழுக்காற்றுக் குழு சூக்கில் கூடியது. மூன்று பேர். நான் பயிற்றுநருக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருந்தேன்.

"இது உங்கள் கையெழுத்தா?"

"ஆம்."

"படிவத்தை நிரப்பியது யார்?"

அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. "என் அணியின் படிவம். நான்தான் பொறுப்பு. நான்தான் செய்தேன்" என்றார்.

சூக் அணியை வென்ற வெற்றி இரத்து. அந்தப் பருவத்தின் மீதியும் அடுத்த பருவம் முழுவதும் அணி போட்டியிட முடியாது. பெடியனுக்கு ஒரு வருடத் தடை. பயிற்றுநருக்கு மூன்று வருடம். எந்த அணியையும் பழக்கக்கூடாது.

திரும்பி வரும் ரயிலில் சொன்னார்: "உன் வதிவிட விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. பொய்ப் படிவம் என்று ஒரு வரி அந்தக் கோவைக்குள் போனால் என்ன ஆகும்? எனக்கென்ன, சனிக்கிழமைகளில் மலை ஏறுவேன்." நான் நன்றி சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு வரி வந்தது. அவர் ஊர்ப் பாண்கடையில் அவர் மனைவியிடம் விசாரித்தார்களாம். அதைக் கேட்டும் பேசாமல் இருந்தேன்.

கல்லூரி முதலில் ஒரு கைப்பந்துக்காரரைப் பயிற்றுநராக்கியது. மூச்சு விடுவதற்கும் விசில் ஊதுவார். ஆறு கிழமையில் பெடியன்கள் அவரைக் களைக்கப் பண்ணி அனுப்பிவிட்டார்கள். பிறகு அதிபர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் ஓம் என்றேன்.

போட்டியிடத் தடை இருந்த அந்த வருடம் ஒரு திருவிழா. சம்மேளனத்துக்கு வெளியே யார் கூப்பிட்டாலும் போவோம். தீயணைப்புப் படையோடு ஆடினோம். ஆஸ்பத்திரித் தாதிமாரோடு ஆடித் தோற்றோம். தடை சம்மேளனப் போட்டிக்கு மட்டும்தான் என்பதால் எங்கள் பெடியனும் வந்தான். டாவோஸில் ஹோட்டல் குசினிகளில் வேலை செய்த எங்கள் ஆட்கள் ஒரு அணி வைத்திருந்தார்கள். சின்ன ரயிலில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு பனிக்குள்ளால் ஏறிப் போனோம்.

"சேர், நாங்க வெல்லமாட்டம்" என்றார் அவர்களின் தலைவர், ஒரு சமையற்காரர். "ஆனா தூர இருந்து வந்தனீங்க. சாப்பிடாம விளையாட விடமாட்டம்."

ஆட்டிறைச்சிக் கறி, புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல். என் சுவிஸ் பெடியன்கள் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார்கள். பிறகு ஓடமுடியவில்லை. குசினிச் சப்பாத்தோடு ஆடியவர்கள் பத்துப் புள்ளியால் வென்றார்கள்.

"இது கள்ளம் அண்ணை!" என்றான் எங்கள் பெடியன்.

"மனே, நீ கள்ளத்தைப் பற்றிக் கதைக்காத" என்றார் சமையற்காரர். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

அந்த வசந்தத்தில் என் வதிவிட அனுமதி வந்தது. இனிப் பயப்பட ஒன்றுமில்லை. அப்போதும் சொல்லவில்லை. அனுமதிக்காகத்தான் மௌனமாக இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிவந்தது பொய் என்று அன்று தெரிந்தது. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. "ஹேர் ட்ரெய்னர்", அதாவது பயிற்றுநர் ஐயா என்று கூப்பிடுவது பிடித்திருந்தது.

அடுத்த பருவத்தில் சம்மேளனத்துக்குத் திரும்பி, குழுவில் முதலாவதாக வந்தோம். கல்லூரியில் விருந்து. பழைய பயிற்றுநரும் வந்து, கோட்டுகள் தொங்கும் இடத்தருகே நின்றார். அதிபர் என் தோளில் கைவைத்து, "நம் அணியின் பெயரில் இருந்த கறையைக் கழுவியவர் இவர்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். பழைய பயிற்றுநரும் தட்டினார். ஒப்புக்கு இல்லை, தலைக்கு மேலே கையைத் தூக்கி, உண்மையான சந்தோசத்தோடு தட்டினார்.

கொஞ்ச நேரத்தில் பெடியன் கேக் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"சேர், நான் ஏன் இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை தெரியுமோ?"

"ஏன்?"

"நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

திங்கட்கிழமை அதிபரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் "அப்போ இனி யார் பழக்குவது?" என்று கேட்டார். அணியிடமும் சொன்னேன். பிறகு கடிதத்தோடு சூக்குக்குப் போனேன். குழுவில் அதே மூன்று பேர். பயிற்றுநரின் தடையை நீக்கினார்கள். எனக்கு இரண்டு வருடத் தடை: போட்டி நாட்களில் வீரர்களுக்குக் கிட்டவும் போகக்கூடாது. அந்தப் பருவத்து வெற்றிகளில் கை வைக்கவில்லை. எல்லாம் நியாயம்தான். ஆனால் நான் நினைத்துப் பார்க்காத ஒன்றும் நடந்தது. விசாரணையில் பொய் சொன்னதற்காகப் பயிற்றுநருக்குக் கண்டனக் கடிதம் போனது.

அந்தக் கடிதத்தோடு என் வீட்டுக் கதவில் தட்டினார். உள்ளே வரவில்லை.

"உங்களுக்காக நான் செய்ததை உங்கள் மனம் ஆறுவதற்காக எடுத்து வீதியில் வைத்துவிட்டீர்கள்" என்றார். "முதலில் என்னைக் கேட்டிருக்கலாம்."

அவர் சொன்ன விஷயத்தைவிட 'நீங்கள்' என்ற சொல்தான் என்னைக் குத்தியது. இந்த நாட்டில் ஒருவரோடு 'நீ' என்று தொடங்கிவிட்டால் சாகும்வரை 'நீ'தான். திரும்பி 'நீங்கள்' ஆக்குவதென்றால் கதவைச் சாத்துவது மாதிரி. அவர் சொன்னதும் சரிதான். முதல் தரமும் அவரைக் கேட்கவில்லை; இரண்டாம் தரமும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் பேச்சில்லை. அவர் மீண்டும் பயிற்றுநரானார். புதிய பருவத்தின் முதல் போட்டிக்குப் போய் மேல்வரிசையில், எல்லாருக்கும் தள்ளி இருந்தேன். அணி படுதோல்வி. பாதுகாப்பு ஆட்டம் ஓட்டை விழுந்த வாளி. அரங்கு காலியானபிறகு அவர் படியேறி வந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, கடதாசிப் பொதியைப் பிரித்து, காய்ந்த இறைச்சித் துண்டொன்றைப் பாணோடு என் பக்கம் நீட்டினார்.

"தடை போட்டிக்கு மட்டும்தானே?"

"ஓம்."

"செவ்வாய்க்கிழமை போட்டி இல்லை. ஆறு மணிக்கு வா. பிந்தாதே."

"வா" என்றுதான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கே போய்விட்டேன். ஒரு கூடையடியில் அவர், மற்றக் கூடையடியில் நான். அவர் மலைப்பேச்சில் கத்துவார். நான் ஜெர்மனும் தமிழும் கலந்து கத்துவேன். இரண்டு பக்கமும் விளங்கவில்லை என்று பெடியன்கள் நடிப்பார்கள். அவர் ஓய்வுபெறும்வரை அப்படியே நடந்தது. மன்னித்தேன் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அந்தப் பருவம் கடைசிக்கு முந்தின இடத்தில் முடித்தோம். அவர் அதை வெற்றி என்றார்; நான் இல்லை என்றேன். ஸ்டேசன்வரை அதைப் பற்றியே வாக்குவாதப்பட்டுக்கொண்டு நடந்தோம்.