சீயுன் மலையில் இரண்டு கடவுச்சீட்டுகள்

ஹுவாங்ஷான் வடக்கு ரயில் நிலையத்தில் நாங்கள் இறங்கியபோது காலை 11.40. ஷாங்காயிலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த ஓட்டம். வெளியே வந்ததும் நான் செய்த முதல் வேலை, சட்டைக்குள் கழுத்தில் தொங்கிய துணிப்பையைத் தடவிப் பார்த்ததுதான். இரண்டு கடவுச்சீட்டுகளும் இருந்தன. என் மனைவி மலர் அதைக் கவனித்துவிட்டாள்.

"இண்டைக்கு இது எத்தினையாந்தரம்?"

நாங்கள் இருப்பது ஒஸ்லோவில், குரோருட்டில். தபால் பிரிக்கும் இடமொன்றில் எனக்கு வேலை. சீனாவிலிருந்து வரும் பொதிகளைப் பதினைந்து வருடமாகத் தூக்கி வைப்பவன். பல பொதிகள் மூலை நசுங்கித்தான் வரும். ஆகவே அந்த நாட்டைப் பற்றி எனக்கு ஏற்கனவே ஓர் அபிப்பிராயம் இருந்தது. இப்போது நோர்வேக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு முப்பது நாள்வரை விசா வேண்டாம் என்று கேள்விப்பட்டதும், சனக்கூட்டமில்லாத இடமாகத் தேடி எங்கள் மகள் அபி ஒழுங்குசெய்து தந்த பயணம் இது. தாவோ மதத்தவரின் பழைய கோவில்கள், மலைமேல் ஒரு பழங்கால ஊர், நாலு நாள் அமைதி. விசாவே வேண்டாம் வாருங்கள் என்று ஒரு நாடு கூப்பிட்டால் அதற்குள் ஏதோ இருக்கும் என்றுதான் நான் நினைத்தேன்.

சீயுன் மலையடிவாரம் ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். வாடகைக் காருக்கு 150 யுவான், எங்கள் காசில் இருநூற்றுப் பத்துக் குரோனர் வரும். சாரதி பாதி வழியில் ஒரு கடையின் முன் காரை நிறுத்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். நான் உடனே கைபேசியில் வரைபடத்தைத் திறந்து நாங்கள் நிற்கும் இடத்தைப் படம்பிடித்து அபிக்கு அனுப்பினேன். திரும்பி வந்தவர் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களை நீட்டினார். மூடி முதலே திறபட்டிருக்கிறதா என்று நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, மலர் தன்னுடையதை மடமடவென்று குடித்து முடித்தாள்.

பிற்பகல் 1.30. கேபிள் கார் எங்களை மேலே கொண்டுபோய் விட்டது. செங்குத்தான சிவப்புப் பாறை. அதன் விளிம்போடு வளைந்து செல்லும் ஒரே தெரு. வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு. கோவிலும் வீடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கோவில் மதிலில் யாரோ கம்பளி உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள். உள்ளே கருந்தாடி வைத்த சாமி. காலடியில் ஓர் ஆமையும் பாம்பும். மலருக்கு வாயெல்லாம் பல்.

"எங்கட நாகதம்பிரானெல்லோ இஞ்சை வந்து நிக்கிறார்," என்றாள்.

தலையுச்சியில் கொண்டை முடிந்த பூசகர் ஒருவர் படியில் இருந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். மலர் ஊதுபத்தி கொளுத்தியதும் கையை நீட்டுவார் என்று காத்து நின்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

நாங்கள் தங்கிய வீட்டின் சொந்தக்காரர் வாங். அறுபது வயது மதிக்கலாம். கைபேசியிடம் சீனத்தில் ஏதோ சொல்வார். அது செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலில், சுத்தமான நோர்வேஜிய மொழியில் எங்களுக்குச் சொல்லும். கடவுச்சீட்டுகளைப் பொலிசில் பதிய வேண்டும் என்றது அந்தக் குரல். நான் பிரதிகளை எடுத்துக் கொடுத்தேன். எங்கு போனாலும் பிளாஸ்ரிக் உறையில் மூன்று பிரதி வைத்திருப்பேன். அகதியாக வந்த எங்கள் ஆட்கள் பலரிடம் இந்தப் பழக்கம் உண்டு. வாங் பிரதியை வெளிச்சத்தில் பிடித்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி பிரதியைப் பார்த்தார். அசல்தான் வேண்டும் என்றார். நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுத் துணிப்பையை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது நேரம் 2.50. பை வெறுமையாகத் தொங்கியது.

"பாஸ்போட் எங்கை?"

"அந்த மனிசனிட்டைக் குடுத்தனான். பொலிசிலை பதிஞ்சுபோட்டுக் கொண்டாறனெண்டு போட்டார்."

"நீர் எடுத்துக் குடுத்தனீரோ?"

"ஓமப்பா. இஞ்சத்தைச் சட்டமெண்டால் குடுக்கத்தானே வேணும்."

இருபத்தொரு வயதில் மொஸ்கோவில் ஓர் ஏஜென்ட், "பின்னேரம் கொண்டாறன் தம்பி" என்று சொல்லி என் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு போனான். போனவன் போனவன்தான். ஒரே அறையில் ஏழு பேர், ஐந்து மாதம், ஜன்னல் சீலையை விலக்காமல் கிடந்தோம். மலருக்கு இந்தக் கதை தெரியும். ஆனால் அவள் கலியாணம் முடித்து நேரே விமானத்தில் வந்து இறங்கியவள். கொடுத்துவிட்டுக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இந்த நாட்டில் கடவுச்சீட்டு இல்லாமல் ரயிலில்கூட ஏற முடியாது.

அவளோடு கதைக்கப் பிடிக்காமல், அந்த ஆளைத் தேடிக் கற்படிகளில் இறங்கத் தொடங்கினேன். பழைய யாத்திரைப் பாதை அது. இடையிடையே இளைப்பாறக் கல்மண்டபங்கள். நாலாவது மண்டபத்தில் முழங்கால் விட்டுவிட்டது. அங்கேயே இருந்து கீழ்வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்றிருப்பான் என்று நினைத்தேன். சாரதியும் இவனும் கூட்டாக இருக்கலாம் என்றும் நினைத்தேன். ஐந்து மணிக்குக் கேபிள் கார் அன்றைய ஓட்டத்தை முடித்துக்கொண்டது. 5.40க்கு வளைவில் ஓர் ஆள் தெரிந்தார். வாங்தான். நடந்தே ஏறி வந்திருந்தார், முதுகெல்லாம் வியர்வை. உட்சட்டைப் பையிலிருந்து இரண்டு கடவுச்சீட்டுகளையும் எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். நான் நன்றி சொல்லவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, படத்தைச் சரித்துப் பிடித்துச் சோதித்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இருவரும் மேலே ஏறினோம்.

மற்ற இரண்டு நாளும் நல்ல வெயில். மறுபக்கச் சரிவில் ஏழு கிலோமீற்றர் நடந்து ஒரு பழைய ஊருக்குப் போனோம். வழியில் பாறைக் குகைக்குள் ஒரு சின்னக் கோவில். ஆளில்லை. ஊதுபத்தியும் தீப்பெட்டியும் எடுக்கிற மாதிரி வைத்திருந்தார்கள். மலர் நெடுநேரம் கண்மூடி நின்றாள். நான் வெளியே வந்து அபிக்குப் போன் எடுத்து, எங்கள் வங்கிக் கணக்கைப் பார்க்கச் சொன்னேன்.

"ஒண்டும் நடக்கேல்லை அப்பா. ஸ்லாப் ஆவ்," என்றாள். கொஞ்சம் ஆறுதலாக இருங்கள் என்பதை அவள் நோர்வேஜிய மொழியில்தான் சொல்வாள். ஆனால் வாங் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்க்கிறார் என்பதை நான் கவனித்திருந்தேன். குற்றமில்லாதவன் ஏன் தவிர்க்க வேண்டும்?

நாலாம் நாள், காலை 8.15. பெட்டிகளை வாசலில் வைத்தோம். வாங் எங்களை மேசையில் இருத்தித் தேநீர் ஊற்றினார். நெடுநேரம் கைபேசியிடம் கதைத்தார். அந்தப் பெண் குரல் சொன்னது இதுதான்: "நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கைபேசியிலேயே பத்து நிமிடத்தில் பதிந்திருக்கலாம். நோர்வே மக்கள் வெள்ளைத் தோல் உள்ளவர்கள் என்று நினைத்திருந்தேன். உங்கள் கடவுச்சீட்டு பொய்யென்று சந்தேகப்பட்டேன். அதனால்தான் கீழே பொலிசில் கொண்டுபோய்க் காட்டினேன். உண்மையானது என்று சொன்னார்கள். மூன்று நாளாக எனக்கு வெட்கமாக இருக்கிறது."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. மலர் என் முழங்கையைத் தொட்டாள்.

"இப்ப நீங்களும் உள்ளதைச் சொல்லுங்கோவன்."

கைபேசியை வாங்கி, நோர்வேஜிய மொழியில் மெதுவாகச் சொன்னேன். நீங்கள் எங்கள் கடவுச்சீட்டுகளை விற்றுவிட்டீர்கள் என்று நினைத்தேன், உங்களைப் பிடிக்கத்தான் படியிறங்கி வந்தேன் என்று. சீனக் குரல் அதைச் சொல்லி முடித்தது. வாங் இன்னொரு தரம் போட்டுக் கேட்டார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டு மூன்று பேருக்கும் புதிதாக ஊற்றினார்.

கேபிள் காரில் இறங்கும்போது குரோருட்டைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கே முப்பத்தொரு வருடம். வீடு பார்க்கப் போன இடத்தில், விமான நிலையத்தில், கடை வாசலில், எத்தனையோ பேர் என்னை இரண்டாம் தரம் பார்த்திருக்கிறார்கள். வழமையான சோதனைதான் என்று எல்லோரும் புன்னகையோடு சொல்வார்கள். நானும் புன்னகைத்துவிட்டு வந்து, எனக்குள்ளே அவர்களைப் பற்றி ஒரு கணக்கு வைத்துக்கொள்வேன். உன்னைச் சந்தேகப்பட்டேன் என்று என் முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் வாங். நான் அப்படிச் சொன்ன முதல் ஆளும் அவர்தான்.