மூடிய பின்னும் ஓடிய அழைப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கூடத்தில் இருந்த கணினியின் முன் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். அப்பா, அம்மா, தங்கை, நான். டத்தோ கிராமாட்டில் எங்கள் வீடு உயரமான அடுக்குமாடியில் இருக்கிறது. கணினி தங்கையுடையது. சரக்குக் கப்பல் அலுவலகம் ஒன்றில் அவளுக்குக் கணக்கு வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பார்ப்பாள்.

தாசேக் கெலுகோரிலிருந்து தங்கைக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் காணொளியில் பேசினார்கள். அந்த வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். கைப்பேசியை எதன் மேலோ சாய்த்து வைத்திருந்தார்கள். படம் சற்றுக் கோணலாகத் தெரிந்தது. கல்யாணத்தை எந்தக் கோவிலில் வைப்பது, விருந்தை எங்கே வைப்பது என்று பேச்சு நல்லபடியாகப் போனது. கடைசியில் மாப்பிள்ளை வாசலில் நிற்கும் கெரெத்தாவை, அவருடைய காரை, நகர்த்த வேண்டும் என்று எழுந்து போனார். அவருடைய அம்மா கைகூப்பினார். அப்பா, “சரிங்க தங்கச்சி, வச்சிடுறோம்” என்று சொல்லி, தாமே மவுஸைப் பிடித்து மேல் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினார். திரையில் இருந்த முகம் மறைந்தது.

அம்மா பெருமூச்சு விட்டார்.

“இவ ஃபிட்ஸ் விஷயத்த எப்பதான் சொல்லப் போறீங்க?”

தங்கைக்குப் பள்ளிக்கூட வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையில் பெரும்பாலும் அடங்கியிருந்தது. ஆனாலும் முந்தைய ஆண்டு அலுவலகத்தில் ஒரு முறை விழுந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று அவள் பலமுறை கேட்டாள். அப்பா ஒவ்வொரு முறையும் தள்ளிப் போட்டார்.

“கல்யாணம் முடியட்டும்” என்றார் இப்போதும். “இப்ப சொன்னா ஓடிருவாங்க. அந்தம்மா எஸ்டேட்ல வளந்தவங்க. சீக்குன்னா புரியாதுலா அவங்களுக்கு. பேய் புடிச்சிருக்கும்பாங்க.”

அப்போதுதான் திரையின் அடிப்பகுதியில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், சின்னப் பச்சைப் புள்ளி ஒன்று மினுங்குவதைப் பார்த்தேன். மேலே கேமராவின் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. நான் ஆசிரியை. என் பள்ளிக் கணினியில் இதே செயலியின் பெருக்கல் குறியை அழுத்தினால் எல்லாமே நின்றுவிடும். தங்கையின் கணினியில் நிற்காது. அலுவலக அழைப்பு தவறிப் போகக் கூடாது என்று, மூடினாலும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்படி அவள் வைத்திருந்தாள். மறைந்தது படம் மட்டும்தான். அழைப்பு அப்படியே இருந்தது.

 மவுஸை நோக்கிக் கையை நீட்டினேன். தங்கையின் கை ஏற்கெனவே அதன் மேல் இருந்தது. அவள் எடுக்கவில்லை. அப்பாவைப் பார்க்கவும் இல்லை. நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா” என்றேன். 

“நீ சும்மா இரு. பயந்துகிட்டே இருந்தா எந்தக் காரியமும் நடக்காது. ஒரு பிள்ள பொறந்துட்டா அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க.”

அந்த நேரத்தில் ஒரு சேவல் கூவியது. எங்கள் மாடிக்குச் சேவல் சத்தம் வர வழியே இல்லை. அப்பா பேச்சை நிறுத்தினார். சத்தம் வந்த இடத்தை, கணினிக்கு இரு பக்கமும் இருந்த ஸ்பீக்கர்களை, மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணே” என்று அதிலிருந்து குரல் வந்தது. “நான் இங்கதான் இருக்கேன். இத எப்படி வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

“பிள்ளகிட்ட பேசணும்” என்றது குரல்.

தங்கை பச்சைப் புள்ளியை அழுத்தினாள். கோணலான படம் மறுபடி வந்தது. அந்த அம்மாள் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

“என் மகனுக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும் அத்தை. பழக ஆரம்பிச்சப்பவே சொல்லிட்டேன்.”

“அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது.”

அவர் கைப்பேசியைக் கையில் எடுத்தார். கூரை தெரிந்தது, பிறகு இருட்டு. மேசைமேல் கவிழ்த்துவிட்டார் போலும். சற்று நேரத்தில் மகன் வந்து, “என்னம்மா?” என்று கேட்பது கேட்டது. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அதற்குப் பின் வந்த நாட்களில் வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. மாப்பிள்ளை தங்கையோடு பேசினார். தன் அம்மா தன்னோடு பேசுவதில்லை என்று மட்டும் சொன்னாராம். அப்பாவின் கோபம் செயலியின் மேல் திரும்பியது.

“மூடுனா மூடணும். மூடுன பின்னாடியும் ஓடுதுன்னா, அப்புறம் எதுக்கு அந்தக் குறிய வைக்கிறான்? அத மாத்து.”

“ஆபீஸ் கால் வரும்பா. முழுசா மூடிட்டா எனக்கு எப்படித் தெரியும்?”

“வீட்ல பேசுறது ஊருக்குக் கேக்கலாமா?”

“ஊருக்குக் கேக்கல. கேக்க வேண்டியவங்களுக்குத்தான் கேட்டுச்சு.”

அப்பா அவளை உற்றுப் பார்த்தார். நான் பயந்துவிட்டேன். ஆனால் அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த அம்மாள் முன்னறிவிப்பில்லாமல் ஒரு மாலை வந்தார். மகன் கீழே கெரெத்தாவிலேயே இருந்துவிட்டார். அவர் மட்டும் ஏறி வந்து, கொடுத்த தண்ணீரைத் தொடாமல் அப்பாவிடம் பேசினார்.

“சீக்கு எனக்குப் பெரிசில்லண்ணே. ரப்பர் எஸ்டேட்ல என் கூடப் பால் மரம் வெட்டுன பொண்ணுக்கு வலிப்பு உண்டு. எத்தனையோ தடவ என் மடியிலதான் கெடந்துச்சு. பேய்ன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல.”

அப்பா தலை குனிந்தார்.

“நீங்க மறைச்சீங்க. என் மகனும் மறைச்சான். நான் போன்ல உங்களையேதான் பாத்துகிட்டு இருந்தேன். நீங்க பேசுறப்ப இந்தப் பிள்ள மட்டும் என்னய நேரா பாத்துச்சு. நான் கேக்குறேன்னு அதுக்குத் தெரியும். அதனாலதான் வந்தேன்.”

அவர் போன பிறகு அப்பா தங்கையின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“தெரிஞ்சேதான் விட்டியா?”

“ஆமாப்பா. புள்ளி எரியுறதப் பாத்தேன். நிறுத்தத்தான் கைய வச்சேன். அம்மா அந்தப் பேச்ச எடுத்தாங்க. விட்டுட்டேன்.”

“உங்க அப்பன அசிங்கப்படுத்திட்டே.”

“சொல்லுங்கன்னு நான் உங்கள எத்தன தடவ கேட்டேன்?”

 அப்பா எழுந்து அறைக்குள் போனார். சாப்பிட மட்டும் வெளியே வந்தார்.

கல்யாணம் நடந்தது. தங்கை இப்போது தாசேக் கெலுகோரில் இருக்கிறாள். அங்கே போன பிறகு ஒரு முறை சமையலறையில் விழுந்தாள். பக்கத்தில் நின்ற மாமியார்தான் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தெளியும் வரை பிடித்துக்கொண்டிருந்தார். அந்தச் செய்தியை அப்பாவுக்குப் போனில் சொன்னவரும் அவர்தான்.

தங்கையின் கணினியில் அந்த அமைப்பு அப்படியே இருக்கிறது. நான் என்னுடையதில் முழுதாக மூடும்படியே வைத்திருக்கிறேன். எது சரி என்று நாங்கள் இருவரும் இதுவரை பேசிக்கொண்டதில்லை. அப்பா அவளோடு பேசுகிறார், ஆனால் கைப்பேசியில் குரல் வழியாக மட்டும்தான்.