கம்பத்தில் கட்டிப்போட்ட ஸ்போர்ட்ஸ் கார்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை அனுப்பிவைத்தது. அந்தப் பள்ளிக்கூடம் இன்று இல்லை, நான் இருக்கிறேன். காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிற விசைப்படகுகளில் பாதிக்கு மேல் என் கை பட்ட எஞ்சின்தான் ஓடுகிறது. மீதியை நடுக்கடலிலிருந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருவதும் என் கை பட்ட படகுகள்தான். தற்பெருமை என்பார்கள். என் பெருமையை நான் சொல்லாமல் பக்கத்துப் பட்டறைக்காரனா சொல்வான்? அவனுக்குத் தன் பெருமையைச் சொல்லவே நாள் போதவில்லை.

இப்படிப்பட்ட என்னிடம்தான் என் தோஸ்து அந்தக் காரைக் கொண்டுவந்தான். ஓட்டிக்கொண்டு அல்ல, தள்ளிக்கொண்டு. கல்மண்டபத்துக்காரன், இன்று சொந்தமாக விசைப்படகு வைத்திருக்கிறவன், சின்ன வயதில் துறைமுகத்தில் என்னோடு ஐஸ் பெட்டி தூக்கியவன். வயதானதும் சிலர் கோயில் கோயிலாகப் போவார்கள், சிலர் சர்க்கரை மாத்திரையைப் பற்றிப் பேசுவார்கள். இவன் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். ஜப்பான் வண்டி, இரண்டே கதவு, டர்போ வைத்தது. எந்தக் காலத்திலோ எவரோ ஆசையாய்க் கப்பலில் இறக்கி, ஆசை தீர்ந்ததும் ஒரு கொட்டகையில் விட்டுப் போனது. உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். எழுந்திருக்க ஆள் வேண்டும்.

"இன்னாத்துக்குடா இது உனக்கு?" என்றேன்.

"நாம ஐஸ் பொட்டி தூக்க சொல்ல இதே மாரி ஒண்ணு கிரேன்ல தொங்கிகினு எறங்கிச்சே. அன்னிக்கே சொன்னேன்ல மாமே, ஒரு நாளு வாங்குவேன்னு."

சொன்னானோ என்னவோ, எனக்கு ஞாபகமில்லை. வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றதற்கு வாட்ச்மேன் வைத்த அடி மட்டும் ஞாபகமிருக்கிறது.

டர்போ என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. எஞ்சின் வெளியே துப்புகிற புகையில் ஒரு சின்ன விசிறியைச் சுற்றவிட்டு, அந்தச் சுற்றைக்கொண்டே எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பார்கள். சாதாரண எஞ்சின் பசித்தால் சாப்பிடும். இது ஊட்டி ஊட்டி வளர்த்த பிள்ளை. இளமையில் ஆட்டம் போடும், வயதானால் எண்ணெயைக் குடித்துவிட்டுப் புகையாக விடும். அவன் வண்டி விட்ட புகையில் தெருவே கொசு ஒழிந்து நிம்மதியாக இருந்தது. நிம்மதியில்லாதவள் அவன் சம்சாரம் ஒருத்திதான். துணி காயப்போடுகிற கொடி சைலன்சருக்கு நேர் பின்னால்.

"ண்ணா, சங்கத்து மீட்டிங்குக்குக் கட்டற வெள்ள வேட்டிய பாரு. கருவாடு சுத்தினா மாரி கீது," என்று என் முன்னால் விரித்துக் காட்டினாள். "தடைக்காலம் முடியறதுக்குள்ள பொகை நிக்கணும். நிக்கல, காயலான் கடைக்காரன் வந்து இத்த தூக்கிகினு பூடுவான். நானே அவனாண்ட சொல்லிட்டேன்."

"சொன்னா உடனே தூக்கிடுவானா?" என்றான் தோஸ்து.

"வந்து பாத்துட்டுதான்யா போனான். நீ பக்கத்துல நின்ன. உன்னயும் சேத்துத்தான் எடை போட்டுகினு போயிருப்பான்."

தடைக்காலம் என்பது மீன் குஞ்சு பொரிக்கிற மாதங்கள். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது. படகெல்லாம் கரையில், எஞ்சினெல்லாம் என் பட்டறையில், ஆம்பிளைகள் எல்லாம் வீட்டில். மீனுக்கு நல்ல காலம், வீட்டுப் பெண்களுக்குக் கெட்ட காலம்.

நான் வாக்குக் கொடுத்தேன். "தங்கச்சி, வேலை முடிஞ்சதும் அதே வேட்டிய தொவச்சி சைலன்சர் பின்னாடி புடி. எண்ணெக் கறை ஒரு பொட்டு பட்டாலும், காயலான் கடைக்கு நானே தள்ளிகினு போறேன்."

தோஸ்து முகம் சுண்டிப்போயிற்று. வண்டி அவனுடையது, வாய் என்னுடையது.

நகரத்துக்குள் குளிரூட்டிய பட்டறை ஒன்றில் முன்னமே காட்டியிருக்கிறான். அங்கே அவனுக்குக் காப்பி கொடுத்து, 'இதுக்கு ஸ்பேர் வராது சார்' என்று வழியனுப்பியிருக்கிறார்கள். என்னிடம் காப்பி கிடையாது. எஞ்சினை இறக்கினேன். விம்கோ நகர் லேத்துப் பட்டறையில் சிலிண்டருக்குள் உறை மாதிரி உட்காருகிற புது லைனர் இறக்கினேன். கப்பல் வேலைக்குப் போகிற தெரிந்தவர் ஒருவர் மலேசியாவிலிருந்து பழசைவிடக் கெட்டியான பிஸ்டனும் அதைச் சுற்றி மாட்டுகிற ரிங்கும் கொண்டுவந்தார். டர்போவையும் ஒரு சைஸ் பெரிதாக மாற்றினேன். அது தள்ளுகிற சூட்டுக் காற்றைக் குளிரவைக்க லாரி ஒன்றின் இன்டர்கூலரை வெட்டிச் சிறிதாக்கி முன்னால் உட்காரவைத்தேன். இத்தனைக்கும் நடுவே அவன் கேட்டது ஒன்றே ஒன்று: ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் 'புஸ்'ஸென்று மூச்சுவிட வேண்டுமாம். அதற்கும் ஒரு வால்வு வைத்தேன். வீட்டில் விட முடியாத மூச்சை வண்டியாவது விடட்டும்.

எடுத்த எடுப்பில் எஞ்சின் பிடித்தது. எண்ணெய் ஏறுகிறதா, ஒழுகுகிறதா பார்த்துவிட்டு நிறுத்தினேன். காரை அவன் வீட்டு வாசலில் விட்டு, "புது ரிங்கு லைனரோட ஒரசி ஒக்காரணும். வந்து நானே ரோட்ல ஓட்டறேன். அதுவரைக்கும் தொடாதே," என்று சொல்லிவிட்டு, உறவுக்காரக் குழந்தைக்குக் காது குத்து என்று திருவள்ளூர் போனேன்.

மறுநாள் சாயங்காலம் வந்தால் தெருமுனையிலேயே பிரியாணி வாசனை. கார் முன்னாலும் பின்னாலும் தடித்த நைலான் கயிற்றால் கரண்ட் கம்பத்தோடு கட்டப்பட்டிருந்தது. நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம். பானெட்டில் செம்பருத்தி மாலை. சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கடலுக்குப் போக முடியாத அவன் படகு ஆட்கள் அத்தனை பேரும் கை நக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் எஞ்சின் மெதுவாக, நியூட்ரலில் உறுமிக்கொண்டிருந்தது.

"இன்னாடா இது?"

"போட்டுக்கு செய்வோம்ல மாமே, அதான். காலைலேர்ந்து நிறுத்தாம ஓடிக்கினு கீது. ஒரு பேஜாரு இல்ல," என்றான் தோஸ்து, பிள்ளை பெற்றவன் மாதிரி.

"கயிறு எதுக்கு?"

அவன் படகு ஓட்டுகிறவன் பதில் சொன்னான். "அவுத்துகினு ஓடிட்டா இன்னா நைனா பண்றது?"

"நியூட்ரல்ல கீறது எங்கடா ஓடும்?"

"நமக்கு இன்னா தெரியும், ஸ்போர்ட்ஸ் வண்டியாச்சே."

புதிதாகக் கட்டிய எஞ்சினைப் படகில் வைத்ததும் படகைத் துறையில் கட்டிப்போட்டு எஞ்சினை நாள் முழுக்க ஓடவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நானே ஆயிரம் முறை செய்தது. ஆனால் அங்கே கியர் போட்டிருப்போம். கீழே புரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளும், படகு கயிற்றை இழுக்கும், எஞ்சினுக்குப் பாரம் கிடைக்கும். அந்தப் பாரத்தில்தான் ரிங் லைனரை அழுத்தி உட்காரும். இவர்கள் எலுமிச்சம்பழத்தை மறக்கவில்லை, கயிற்றை மறக்கவில்லை, பிரியாணியை மறக்கவே இல்லை. பாரத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். பாரமில்லாமல் நாள் முழுக்க ஓடினால் லைனர் சுவர் வழவழப்பாகிவிடும். பிறகு ரிங் அதில் பிடிக்காது, சறுக்கும். எண்ணெய் மேலே ஏறும்.

கயிற்றை அவிழ்த்துவிட்டு ஆக்ஸிலேட்டரை ஒரு தடவை மிதித்தேன். நீலமாகப் புகை வந்து கொடியில் கிடந்த பாவாடையைத் தொட்டது. உள்ளேயிருந்து அவன் சம்சாரம் எட்டிப் பார்த்தாள். போனை எடுத்தாள்.

"தங்கச்சி, தடைக்காலம் இன்னும் முடியல," என்றேன்.

"அவன் வர்றதுக்கு வண்டி ஏற்பாடு பண்ணணும்ல ண்ணா, அதான் இப்பவே சொல்லி வெக்கறேன்."

மறுபடி எஞ்சினை இறக்கினேன். லைனரில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. லேத்துக்காரன் அதைக் குறுக்கும் நெடுக்கும் மெல்லக் கீறிக் கொடுத்தான். புது ரிங் மறுபடி மலேசியாவிலிருந்து வந்து சேரும்போது, படகுகளுக்கு ஐஸ் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். விடிந்தால் தடைக்காலம் முடிகிறது என்ற நிலைமை.

இப்போது வண்டியைப் பாரத்தோடு ஓட்ட வேண்டும். வேகமாக ஏற்றி ஓட்டினால் பாரம் தானாக வரும். ஆனால் எங்கே ஏற்றுவது? திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கண்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்து நிற்கின்றன. ஸ்போர்ட்ஸ் காரும் சைக்கிளும் இங்கே ஒரே வேகம்தான். மேடு ஏற்றலாமென்றால் ஊரே தட்டையாக இருக்கிறது.

அப்போது அந்தக் கயிறு கண்ணில் பட்டது. அவன் மச்சானுடைய ஃபைபர் படகு ஒன்று ஓட்டை அடைத்து, சக்கர வண்டிமேல், எண்ணூர் பக்கம் நெட்டுக்குப்பம் போகக் காத்திருந்தது. காரின் பின்னால் கொக்கி ஒன்று வெல்டு வைத்தேன். இரும்புப் பைப்பால் படகு வண்டியை இணைத்து, அதே நைலான் கயிற்றால் இறுக்கினேன்.

"மாமே, என் மானத்த வாங்காத," என்றான் தோஸ்து.

"மானம் வோணுமா, வண்டி வோணுமா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். அவன் சம்சாரம் துவைத்த வெள்ளை வேட்டியைப் படகின் மூக்கில், சைலன்சருக்கு நேராகக் கட்டினாள். பிறகு குடையோடு படகுக்குள் ஏறிக்கொண்டாள். "நான் பாத்துகினே வரேன்," என்றாள்.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், பின்னால் படகு, படகில் குடை பிடித்த அம்மா. டோல்கேட்டில் டீக்கடைக்காரன் கிளாஸோடு வெளியே வந்தான். "இன்னா நைனா, வண்டி போட்ட இஸ்துகினு போவுதா, போட்டு வண்டிய தள்ளிகினு போவுதா?" போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைத் தூக்கினார், எங்களை எதற்காக நிறுத்துவது என்று விளங்காமல் தலையைச் சொறிந்துவிட்டு, போ என்றார். நான் மிதித்தேன், விட்டேன், மிதித்தேன், விட்டேன். விட்டபோதெல்லாம் 'புஸ்' என்றது. தோஸ்து அதைக்கூட ரசிக்கவில்லை, அவன் பார்வை பின்னால் காட்டுகிற கண்ணாடியிலேயே இருந்தது.

"ண்ணா, பொகை வருது," என்று பின்னாலிருந்து குரல்.

"வரும் தங்கச்சி, ரிங்கு ஒக்காருது. பொறு."

விம்கோ நகர் தாண்டும்போது குரல் எதுவும் வரவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. படகை இழுக்க இழுக்க எஞ்சின் சத்தமே மாறி, தொண்டை கட்டியவன் குரல் திறந்த மாதிரி இருந்தது. தோஸ்துக்குத் தெரியாது. அவன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நெட்டுக்குப்பத்தில் இறங்கிப் பார்த்தால் வேட்டி சாம்பல் நிறம். தோஸ்து அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். அவள் வேட்டியை அவிழ்த்தாள், மோந்து பார்த்தாள், ஓங்கி இரண்டு உதறு உதறினாள். புழுதியும் சாம்பலும் பறந்தன. வேட்டி வெள்ளையாகத் தொங்கியது.

"எண்ணூர் காத்துல பவர் ஹவுஸ் சாம்பல் இல்லாம இன்னா கீது? இது ஒதறினா போவும். எண்ணெ ஒதறினா போவாது," என்றாள். போனை எடுத்துக் காயலான் கடைக்காரனிடம், "வர வேணாம்ப்பா," என்றாள்.

தோஸ்து எழுந்து மணலைத் தட்டிக்கொண்டான். ஓட்டிக்கொண்டு திரும்ப, சாவிக்குக் கை நீட்டினான். சாவியை அவள் வாங்கிக்கொண்டாள்.

"நல்லாத்தான் இஸ்குது ண்ணா. எங்க அண்ணனுக்கு இன்னொரு போட்டு கீது, அதையும் இதுலயே இட்டாந்துடலாம்."

இன்றைக்கும் காசிமேட்டுக்கும் நெட்டுக்குப்பத்துக்கும் நடுவே படகு இழுக்க வேண்டுமென்றால் அந்தக் காரைத்தான் கூப்பிடுகிறார்கள். இரண்டு மடங்கு பலம் ஏற்றிய எஞ்சின், மாட்டுவண்டி வேகத்தில் போகிறது. தோஸ்துதான் டிரைவர். முறை வைத்து அவள் அனுப்புகிறாள். புகை மட்டும் வருவதில்லை, வேலை என்னுடையது.