பிடி என்றால் விடு

ஸ்டோர்ஸ் சென்னப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் என் இடது கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் கிடையாது. 1986 ஐப்பசியில், ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியின் தகடு வெட்டும் பவர் பிரஸ் அவற்றை எடுத்துக்கொண்டது. பிரஸ்ஸைக் குறை சொல்ல மாட்டேன். கையை எடுப்பதற்கு முன்னால் பெடலை மிதித்தவன் நான்தான்.

புண் ஆறிவிட்டது. ஆனால் இல்லாத விரல்கள் வலித்தன. சொன்னால் சிரிப்பாளோ என்று என் மனைவி ராசாத்தியிடம்கூடச் சொல்லவில்லை. பிரஸ் இறங்கும் சத்தம் கேட்டாலே கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். சூப்பர்வைசர் சௌந்தரராஜன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கருப்பசாமி, தை முடியறதுக்குள்ள மெஷின்ல நிக்கணும். இல்லேன்னா கணக்கை முடிச்சிக்கிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்" என்றார். எனக்கு ஊர் சாத்தூர்ப் பக்கம். அங்கே தீப்பெட்டி ஆபீஸை விட்டால் வேறு பிழைப்பில்லை. ராசாத்தி அப்போது ஏழு மாதம்.

அந்த மார்கழியில்தான் கம்பெனி பெங்களூரிலிருந்து ஒரு மனநல டாக்டரை வரவழைத்தது. பெயர் பார்வதி. சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் பாய் விரித்து எங்களைப் படுக்கவைத்து உடம்பைத் தளர்த்தும் பயிற்சி. இது பழைய தந்திர சாஸ்திரத்திலிருந்து வந்தது, வெளிநாட்டில் இதை வைத்துத்தான் இப்போது வைத்தியம் பார்க்கிறார்கள், சாமி சமாசாரத்தை எடுத்துவிட்டு உடம்புக்கு வேண்டியதை மட்டும் வைத்திருக்கிறோம் என்று ஆங்கிலமும் கன்னடமும் கலந்து சொன்னார். எங்கள் காதில் விழுந்தது 'தந்திரம்' என்ற சொல் மட்டும்தான். "போனஸ் கேட்டா தூங்க வைக்கிறான், மேனேஜ்மெண்ட் தந்திரம் இதுதான்" என்று பக்கத்துப் பாயில் கிடந்த பெரியதம்பி முணுமுணுத்தான்.

முதல் வாரமே கூத்தாகிவிட்டது. டாக்டரம்மா கன்னடத்தில் ஒவ்வொரு விரலாகச் சொல்லி, "பிடி, பிடி" என்றார். தெற்கத்தி ஆட்கள் நாங்கள் இருபது பேரும் ஆளுக்கொரு விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். அவர் பதறப் பதற நாங்கள் இன்னும் இறுக்கினோம். உள்ளூர்க்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கன்னடத்தில் அந்தச் சொல்லுக்கு 'விடுங்கள்' என்று பொருளாம்.

அதன் பிறகுதான் மொழிபெயர்க்கச் சென்னப்பனைக் கூப்பிட்டார்கள். அவர் ஸ்டோர்ஸில் கையுறையும் எண்ணெய் துடைக்கிற கழிவுப் பஞ்சும் எடுத்துக் கொடுப்பவர். ஆந்திர, கர்நாடக எல்லையோரத்து வேப்பனப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். மாந்தோப்பில் கூலிக்கு மருந்தடித்த குடும்பம். கம்பெனிக்குக் கட்டடம் எழும்பியபோது சித்தாளாக வந்தவர், கட்டி முடித்த பிறகும் போகவில்லை. ஒரு கையுறைக்கு மூன்று கேள்வி கேட்பார். "பழசு எங்க? ஏன் கிழிஞ்சிது? உன்னுது மட்டும் ஏன்பா கிழியுது?" அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சல். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்திருப்பார். ஆந்திராவில் குப்பம் பக்கத்தில் சாதி கேட்காமல் தீட்சை கொடுக்கும் ஒரு குருவிடம் அம்மன் உபாசனை எடுத்தவர் என்று பேச்சு. விடிவதற்கு முன் இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பூசை. என்ன செய்கிறார் என்று அவர் மனைவி முனிலட்சுமிக்கே தெரியாது.

இரண்டாவது வாரம் சென்னப்பன் சொல்லுக்குச் சொல் சரியாகச் சொன்னார். "கட்டை வெரல விடுங்க... ஆள்காட்டி வெரல விடுங்க..." மோதிர விரல் வந்தது. எழுந்து உட்கார்ந்து, "விட்டாச்சுய்யா. விட்டுட்டுத்தான வந்து படுத்திருக்கேன். இன்னும் எதை விடச் சொல்லுதீரு?" என்று கத்திவிட்டேன். சென்னப்பன் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது, அதற்கும் அவர் மேல்தான் கோபப்பட்டேன்.

மூன்றாவது வாரம் டாக்டரம்மா வழக்கம்போல "பிடி" என்றார். சென்னப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறொன்று சொன்னார்.

"கட்டை வெரல்ல அம்மாவ வையி. ஆள்காட்டி வெரல்ல வையி. நடு வெரல்ல வையி. வெரல் இருக்குதா இல்லயான்னு பாக்காத. அது சதைக்கி வைக்கறது இல்ல, எடத்துக்கு வைக்கறது. எடம் எங்கயும் போவல. கட்டை வெரலால அந்த எடத்தத் தொட்டு வையி."

நான் கட்டை விரலை மடக்கி வெறும் காற்றில் மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஊர் மாரியம்மனை நினைத்துக்கொண்டேன், வேறு அம்மனை எனக்குப் பழக்கமில்லை. மூன்று மாதமாக இறுகிக் கிடந்த விரல்கள் மெல்ல நிமிர்ந்தன. இல்லாத விரல் எப்படி நிமிரும் என்று கேட்காதீர்கள். இல்லாத விரல் வலித்ததே, அதுபோலத்தான் நிமிர்ந்தது.

டாக்டரம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். வகுப்பு முடிந்ததும் சென்னப்பனை நிறுத்தி, "நான் சொன்னது அது இல்லையே" என்றார். சென்னப்பன் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எல்லாவற்றையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு சென்னப்பனிடம், கன்னடமும் தமிழும் கலந்து, "மற்றவங்களுக்கு இறக்கி வைக்கச் சுமை இருக்கு. இவருக்குக் காலி இடம்தான் நோவு. இவருக்கு நீங்க சொன்னதே இருக்கட்டும்" என்றார். படித்தவர்கள் அப்படி விட்டுக்கொடுத்து நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த அம்மாவுக்கும் நான் கடமைப்பட்டவன்.

தை இருபத்தாறாம் தேதி பிரஸ்ஸில் நின்றேன். ஐந்து இடத்தையும் தொட்டு வைத்துவிட்டு, கையை எடுத்த பிறகு பெடலை மிதித்தேன். கை பின்னால் போகவில்லை. சாயங்காலம் சௌந்தரராஜன் வந்து டீ வாங்கிக் கொடுத்தார்.

ஏழு வருடம் கழித்து, மகள் பவளத்துக்குக் காதுகுத்து வைத்தபோது பத்திரிகையோடு முதன்முதலாகச் சென்னப்பன் வீட்டுக்குப் போனேன். அதிகாலை ஆறு மணி. பூசை நேரம், காத்திருக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். முனிலட்சுமி, "பூசையா? அது நின்னு ஏழு வருசம் ஆவுதுண்ணா. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். சாமி அலமாரியில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. சென்னப்பன் கூடத்தில் பாயில் படுத்திருந்தார். தலைமாட்டில் டேப் ரிக்கார்டர், அதில் டாக்டரம்மாவின் பயிற்சிக் கேசட் ஓடிக்கொண்டிருந்தது.

நான் விடவில்லை. கேட்டுக் கேட்டு அவர் வாயைத் திறக்கவைத்தேன்.

"வெரல்ல வைக்கற மொறைய தீட்ச இல்லாதவன் காதுல போடமாட்டேன்னு வாக்கு குடுத்திருந்தேன்பா. கேன்டீன்ல நாப்பது பேருக்குச் சொன்னேன். மறுநாளே குருகிட்ட போயி நடந்தத சொல்லிட்டேன். அவரு திட்டல. உனக்கு இனிமே பூசை இல்ல, போன்னாரு."

"எனக்காகவா அண்ணே?"

"தெரிஞ்சிதான சொன்னேன். நீ ஊருக்குப் போயிட்டா புள்ளத்தாச்சி என்ன பண்ணும்?"

"அப்போ நானும் இனிமே அதைச் செய்யக் கூடாதா?"

"நீ பண்ணு. வாக்கு குடுத்தவன் நானு, நீயில்ல." கேசட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "இருவது வருசம் வைக்கறதுதான் பழகினேன். விடறது இந்தம்மா சொல்லித்தான் இப்பப் பழகறேன். நிம்மதியாத்தான் இருக்குது. அத ஒண்ணும் கொறவா நினைக்காத."

கையுறைக்கு மூன்று கேள்வி கேட்ட மனுஷன், தன்னிடம் இருந்த ஒரே சொத்தைக் கணக்கே பார்க்காமல் எனக்குக் கொடுத்திருக்கிறார். பத்திரிகையைக் கையில் கொடுத்தேன். காலில் விழப் போனேன், அதட்டி எழுப்பிவிட்டார்.

இன்றும் பிரஸ் முன்னால் நின்றதும் விரல்களைத் தொட்டு வைக்கிறேன். மற்ற நாலு இடத்திலும் மாரியம்மன்தான். மோதிர விரல் இடத்தில் சென்னப்பனை வைக்கிறேன். சாத்திரப்படி தப்பு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள்.