சேகர் வீட்டுத் தறிக்குழி

போன ஞாயிற்றுக்கிழமை ஆரணியில் சேகரைப் பார்க்கப் போனேன். பட்டு நெய்பவர், என்னோடு பள்ளியில் படித்தவர். குடலில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்துவிட்டது. "மிச்ச கீமோவை ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் தை மாதம் தறியில் உட்காரலாம்" என்று டாக்டர் சொன்னதாக, ஆஸ்பத்திரியிலிருந்தே போனில் குஷியாகப் பேசியவர்.

நேரில் பார்த்தால்... சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.

"கீமோவுக்கு வரமாட்டாராம். நீங்களாவது சொல்லுங்கண்ணா" என்றார் அவர் மனைவி மல்லிகா.

வீட்டுக்கு வந்ததும் அப்படி என்ன ஆயிற்று?

"கட்டில எங்க போட்டுகிறாங்க பாரு" என்றார் சேகர், திரும்பாமலே.

பார்த்தேன். தூக்கிவாரிப்போட்டது. தறி இருந்த இடம்! நெய்கிறவர் காலை இறக்கி மிதிக்கும் குழியை மண் கொட்டி மூடி, மேலே பளபளவென்று டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள்.

யார் செய்தது? வேறு யார் — அவர்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள்தான். மல்லிகாவும் மல்லிகாவின் தம்பி குமாரும்.

"மாமா எழுந்து நடக்கசொல்ல குழில வுழுந்துட்டா? அதாங்க..." என்று இழுத்தார் குமார்.

"டாக்டர் எங்கிட்ட ஒண்ணு, இவங்ககிட்ட ஒண்ணு சொல்லிகிறாரு" என்றார் சேகர். "நான் திரும்ப நெய்வேன்னா, குழிய ஏன் மூடணும்?"

மல்லிகா பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார். சேகர் சிரித்தார்.

"எங்கப்பாவுக்கு இது வந்தப்ப, வெறும் அல்சர்தான்னு நாமகூட சத்தியம் பண்ணலியா?"

நோயாளியிடம் பொய் சொல்லியே பழகிய வீடுகள் நம்முடையவை. ஒருநாள் நிஜமாகவே நல்ல செய்தி வந்தால், அதற்கு யார் ஜாமீன் கொடுப்பது?

குமார் எழுந்து போய்க் கடப்பாரையோடு வந்தார்.

"இன்னாடா பண்றே? புது டைல்ஸ்டா!"

"போனா போவுதுக்கா. நீ அந்தப் பக்கம் புடி."

கட்டிலை மூன்று பேருமாக ஓரம் நகர்த்தினோம், சேகரோடு சேர்த்து. முதல் அடியிலேயே டைல்ஸ் விரிசல் விட்டது. சேகர் இந்தப் பக்கம் திரும்பினார். மண் வெளியே வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய ஆழம் பத்தாது மச்சான். முட்டி இடிக்கும். ஒரு ஜாண் ஜாஸ்தி எடு."

"எடுக்கறேன். கீமோவுக்கு வர்றீங்களா?"

"மொதல்ல தோண்டு. பேஜார் பண்ணாத."

செவ்வாய்க்கிழமை கீமோவுக்குப் போனார். குணமாவாரா? எனக்குத் தெரியாது.

நோயாளிக்கு வசதி செய்து தரக் கிளம்பும் அன்பர்களே... அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்!