தடைக்காலத்தில் கருவாடு

ஜோதிலட்சுமிக்கு வாய் நீளம் என்று குப்பமே சொல்லும். அந்த வாய்க்குச் சம்பளம் கொடுக்க ஒரு கம்பெனி கூப்பிட்டபோது அதே குப்பம் மூக்கில் விரலை வைத்தது. சிதம்பரத்தில் விடுதியில் தங்கி இதழியல் படித்து முடித்தவள், 2009 டிசம்பரில் கடலூருக்கு வெளியே ஒரு ரசாயனக் கம்பெனியில் மக்கள் தொடர்பு உதவியாளராகச் சேர்ந்தாள். ஆறு மாதம் ஒழுங்காக ஓட்டினால் வேலை நிரந்தரம். மீன்கூடை சுமக்கும் அம்மா தில்லையம்மாள் அந்த ஜூன் மாதத்துக்காகச் சாமிக்கு வேண்டாத வேண்டுதல் இல்லை.

மக்கள் தொடர்பு என்றால் என்ன என்று கல்லூரியில் இரண்டு வருடம் பாடம் நடத்தினார்கள். மேலாளர் ராஜமாணிக்கம் இரண்டே நாளில் நடத்தி முடித்தார்: நிருபர்களுக்குக் காபி சூடாக வர வேண்டும், கம்பெனி பெயர் முதல் வரியில் வர வேண்டும். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. பதினெட்டு வருடம் கடலூரில் குப்பை கொட்டியும் ஒரு நாள்கூட மீனவர் தெருவுக்குள் கால் வைக்காதவர், அவ்வளவுதான்.

மே இரண்டாம் வாரம் ஒரு விடியற்காலையில் கம்பெனியில் வால்வு பழுதாகி வாயு கசிந்தது. மூன்று குப்பங்களில் ஜனங்களுக்குக் கண் எரிந்தது, பிள்ளைகள் வாந்தி எடுத்தன. அதில் ஒன்று ஜோதியின் குப்பம். மறுநாள் காலை கடலூர் நகரத்து மஞ்சக்குப்பத்தில் நிருபர் கூட்டம் என்று முடிவானது. அதற்கான குறிப்பை ராஜமாணிக்கம் சொல்லச் சொல்ல ஜோதி எழுதினாள். நாற்றத்துக்குக் காரணம் கடற்கரையில் காயும் கருவாடு என்று அவர் சொன்னதும் பேனா நின்றது.

"சார், இது மே மாசம். தடைக்காலம். விசைப்படகு ஒண்ணும் கடலுக்குப் போவல. சின்னப் படகுல வர்ற மீனு சந்தைக்கே பத்தல. காயப் போட மீனுக்கு எங்க போறது?"

"நல்லவேளை சொன்னம்மா. அப்ப பழைய கருவாடுன்னு மாத்திடு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய்யில் இருந்த ஓட்டையை அவளே காட்டிக்கொடுத்து அடைக்க வைத்துவிட்டாளே!

"நான் எழுத மாட்டேன் சார்."

"அடுத்த மாசம் பர்மனென்ட் ஆவணும்ல? யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுத்தான் பேசுறேன்."

அவரே எழுதி, அவரே கூட்டத்தில் வாசித்தார். தங்கராசு என்ற மூத்த நிருபர் கேட்டார்: "கருவாட்டு வாடைக்குப் பிள்ளைங்க வாந்தி எடுக்குமா சார்?"

ராஜமாணிக்கம் சிரித்துக்கொண்டே மைக்கை ஜோதியின் பக்கம் நகர்த்தினார். "இவுங்களே மீனவர் குடும்பந்தான். இவுங்க சொல்லுவாங்க."

அத்தனை பேர் விண்ணப்பித்த வேலைக்குத் தன்னை ஏன் எடுத்தார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எழுந்து நின்றாள்.

"பொறந்ததுலேர்ந்து கருவாட்டு வாடையிலதான் வளந்தேன். ஒரு நாளும் கண்ணு எரிஞ்சதில்ல. நேத்து எரிஞ்சுது. லீக் ஆனது கம்பெனி வால்வு. எங்க மேல பழி போடாதீங்க."

உடனே வேலையை விட்டுத் தூக்கினால் அதுவும் செய்தியாகிவிடும் என்று கம்பெனிக்குத் தெரியும். அதனால் தன்மையாகவே பேசினார்கள். உணர்ச்சிவசப்பட்டுத் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும், ஜூன் முதல் தேதி வேலை நிரந்தரம்.

தில்லையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு காயிதந்தானடி? எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரேன். ஊர்ல எவ பொய் சொல்லல?"

"எழுதுறேன். நாளைக்கு ஒன் கூடையப் பாத்து ஜனங்க மூக்கப் பொத்துவாங்க. எம் பொண்ணுதான் கையெழுத்துப் போட்டான்னு சொல்லிக்கிட்டே விப்பியா?"

தில்லையம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் ஜோதி கொண்டுபோய் நீட்டியது ராஜினாமாக் கடிதம். ராஜமாணிக்கம் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் தோன்றியது.

"ஒம் பேரு கெட்டுப் போச்சும்மா. இனிமே இந்த வேலைக்கு ஒன்ன எவன் எடுப்பான்?"

"எடுப்பாங்க சார். நான் சொன்னா உண்மையாத்தான் இருக்கும்னு இந்த ஊர்ல நிருபருங்க அத்தினி பேருக்கும் இன்னிக்குத் தெரியும். ஒங்களுக்குப் பதினெட்டு வருசமாச்சு. நீங்க சொன்னா நம்புறதுக்கு ஒரு ஆளு இருக்கா?"

ஜோதி அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தாள். பதினோரு மணிக்குச் சிதம்பரம் பஸ் இருந்தது. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் மக்கள் தொடர்புக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தவர் தங்கராசு.