மாட்டுப் பாட்டின் ரசிகர்கள்

சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் பட்டாசு லேபிள் வரைகிற வேலையில் இருந்தேன். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்குச்சக்கரம் என்று எந்தப் பெட்டியானாலும் மேலே ஒட்டுகிற படத்தைக் கம்ப்யூட்டரில் செய்து கொடுக்க வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். எங்கள் அச்சகத்துக்கு ஜப்பானிலிருந்து நாலு கலர் மிஷின் ஒன்று வந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஒரு இன்ஜினியரும் வந்தார்.

ஐம்பது வயதுக்காரர். தயிர்சாதத்தையும் வாழைப்பழத்தையும் தவிர எங்கள் ஊரில் எதையும் அவர் நம்பவில்லை. காலையில் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால், கையோடு கொண்டுவந்திருந்த சிடி பிளேயரை மேஜையில் வைத்து ஓட விடுவார். தினமும் ஒரே சிடி. மூன்று பெண்களும் ஒரு ஆணும் பாடுவார்கள். நடுவில் ஒரு டிரம்பெட் குறுக்கே ஓடும். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வாசலை நோக்கி ஓடிவருகிற மாதிரி ஒரு சந்தோஷம் அந்தப் பாட்டுகளில் இருந்தது.

"உங்க ஊர்ல இவங்க ரொம்ப பிரபலமா?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

அவருடைய இங்கிலீஷும் என்னுடையதைப் போலத்தான். "இல்லை. இரண்டே ஆல்பம். யாரும் வாங்கவில்லை. பிரிந்துபோய்விட்டார்கள்" என்றார். பிறகு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "பிடித்தவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் ரொம்பப் பிடிக்கும்" என்றார். ஊருக்குக் கிளம்பும்போது அந்தச் சிடியை என்னிடமே கொடுத்துவிட்டார்.

தீபாவளி சீசன் தொடங்கியது. மிஷின் ஓட்டுகிற அண்ணனுக்குச் சினிமாப் பாட்டு இல்லாவிட்டால் கை ஓடாது. நான் சிடியைப் போட்டதும் முகத்தைச் சுளித்தார். அதிலும் ஒரு பாட்டில் "மாடா மாடா" என்று நாலு பேரும் சேர்ந்து திரும்பத் திரும்பப் பாடுவார்கள்.

"மாடா மாடான்னு கேட்டுக்கிட்டே இருக்காகளே தாயி. மாடுதான்னு யாராச்சும் சொல்லித் தொலைங்க" என்றார்.

பைண்டிங் பிரிவில் லேபிள் வெட்டி அடுக்குகிற அக்காமார் சிரித்த சிரிப்பில், அதற்கு மாட்டுப் பாட்டு என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒரு மாதத்தில் எல்லோருக்கும் அது மனப்பாடம். "மாடா மாடா" என்று பாட்டு கேட்கும். இவர்கள் "ஆமா, மாடுதான்" என்று பதில் பாடுவார்கள். மிஷின்கார அண்ணனே மை கலக்கிக்கொண்டு முணுமுணுக்க ஆரம்பித்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில், சிடி அட்டையில் இருந்த பெயரை ஒருநாள் அடித்துத் தேடினேன். அவர்களுக்கென்றே ஒரு இணையதளம் இருந்தது. நடத்துகிறவர் ஒசாகாவில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண். பிரேசில், போலந்து, கொரியா என்று எங்கெங்கோ இருந்து எழுதினார்கள். மொத்தத்தில் ஒரு மினி பஸ்ஸில் அடைத்துவிடலாம், அவ்வளவுதான் ஆட்கள். ஆனால் ஒரு பாட்டின் நடுவே கேட்கிற இருமல் யாருடையது என்று நாலு பக்கத்துக்குச் சண்டை போட்டிருந்தார்கள்.

நானும் எழுதினேன்: "நான் இந்தியாவில் பட்டாசு லேபிள் வரைகிறேன். எங்கள் அச்சகத்தில் எல்லோரும் இந்தப் பாட்டைப் பாடுகிறோம். நாங்கள் இதை மாட்டுப் பாட்டு என்கிறோம்."

மறுநாள் போய்ப் பார்த்தால் பதில்கள் குவிந்து கிடந்தன. ஒசாகாப் பெண்தான் அர்த்தம் சொன்னார். அவர்கள் பாஷையில் அதற்கு 'இன்னும் இல்லை, இன்னும் இல்லை' என்று பொருளாம். அச்சகத்தில் வந்து சொன்னேன். மிஷின்கார அண்ணன் கொஞ்சம் யோசித்தார்.

"லேபிள் ஆச்சான்னு கம்பெனிக்காரக போன் பண்ணா நாம சொல்றதத்தான் பாடிருக்காக. நம்ம ஆளுக தாயி!" என்றார்.

அந்த வருடம் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி, பிள்ளைகள் மத்தாப்புப் பெட்டிக்குப் புதுப் படம் கேட்டார். பாவாடை சட்டையில் மூன்று பெண்கள், வேட்டியில் ஒருவர், நாலு பேர் கையிலும் மத்தாப்பு என்று வரைந்து கொடுத்தேன்.

"யாரும்மா இவுக?" என்று கேட்டார்.

"ஜப்பான்ல பாட்டுக் கச்சேரி பண்றவக, அண்ணாச்சி."

"யாரா வேணா இருக்கட்டும். சிரிச்ச மொகமா இருக்காக. போட்டுரு."

அச்சானதும் எங்கள் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, மிச்ச லேபிள்களை அந்த இணையதளத்து ஆட்களுக்கு, முகவரி கேட்டு வாங்கித் தபாலில் அனுப்பினேன். இரண்டு மாதத்தில் அச்சக முகவரிக்கு வெளிநாட்டுக் கவர்களாக வரத் தொடங்கின. முதலாளி கூப்பிட்டு விட்டார். திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன்.

"என்னம்மா இது, எக்ஸ்போர்ட் ஆர்டரா?" முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"ஆர்டர் இல்ல மொதலாளி. லேபிள் நல்லாருக்குன்னு எழுதிருக்காக."

"அதச் சொல்லவா போலந்துலருந்து ஸ்டாம்பு ஒட்டிருக்காக?" என்றார். ஆர்டர் இல்லையென்ற வருத்தம் தெரிந்தாலும், ஒரு கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டிக்கொண்டார்.

தீபாவளி முடிந்து மிஷின்கள் ஓய்ந்திருந்த நேரத்தில் ஒசாகாப் பெண்ணே வந்துவிட்டார். மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியான உருவம், முதுகில் தன்னைவிடப் பெரிய பை. அச்சகத்துக்குக் கூட்டிவந்து சிடியைப் போட்டேன். பைண்டிங் அக்காமார் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்று, கூச்சமே இல்லாமல் முழுப்பாட்டையும் பாடினார்கள். ஜப்பானிய வார்த்தைகளில் பாதி தமிழாகியிருந்தது. "ஆமா, மாடுதான்" வந்த இடத்தில் நான் அர்த்தம் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது கண் நனைந்திருந்தது.

"இம்புட்டுத் தொலவு இந்தப் பாட்டுக்காகவா வந்தீக?" என்று ஒரு அக்கா கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன்.

"அவர்கள் கடைசிக் கச்சேரிக்கு நான் போயிருந்தேன். ஒன்பது பேர்தான் வந்திருந்தோம். இந்தப் பாட்டு தெரிந்த இத்தனை பேரை ஒரே அறையில் நான் பார்த்ததே இல்லை" என்றார் அவர்.

அதைக் கேட்டதும் அக்காவுக்கு என்ன தோன்றியதோ, தன் தூக்குவாளியைத் திறந்து புளிச்சோற்றை அவர் கையில் வைத்தாள். இன்ஜினியரைப் போல அவர் தயங்கவில்லை. காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து, ஊறுகாயோடு முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.

அவர் ஊருக்குப் போய் எழுதியதைப் படித்துவிட்டு, அடுத்த வருடம் மூன்று பேர் வந்தார்கள். அதில் பிரேசில்காரர் சாத்தூரில் இறங்கி காராச்சேவு வாங்கித் தின்றுகொண்டே வந்து சேர்ந்தார். வந்ததும் என்னிடம் முதலில் கேட்டது, அந்த இருமல் டிரம்பெட்காரருடையதுதானே என்று.